42,500 ரூபாய்த் தூண்டில்

பொங்கலுக்கு என் தங்கச்சி மகன் பெங்களூரில இருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. வழக்கமா வந்தா அத்தை கையால நாட்டுக்கோழிக் குழம்பு, ஒரு தூக்கம், சாயங்காலம் சுருளி அருவி, மறுநாள் பஸ். இந்தத் தடவை தோளில நீளமா ஒரு குழாய் மாட்டிட்டு வந்தான். நான் என்னமோ வரைபடச் சுருள்னு நினைச்சேன். திறந்தா நாலு துண்டாப் பிரிச்சு வச்ச தூண்டில் கம்பு. சொருகிச் சேர்த்தா ஒம்பது அடி. தூக்கிப் பார்த்தேன், ஒரு முருங்கைக்காய் கனம்கூட இல்ல.

"இது ஃப்ளை ஃபிஷிங் ராடு மாமா."

"என்ன விலை மாப்ள?"

முதல்ல சிரிச்சான். அப்புறம் அவங்க அத்தை அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து மெதுவாச் சொன்னான். கம்பு 24,000. சக்கரம், அதாவது ரீல், 9,500. நூல் மட்டும் 6,000. நுனி நரம்பும் ஒரு டப்பா பொய்ப்பூச்சியும் 3,000. ஆக மொத்தம் 42,500 ரூபாய். "இது நடுத்தரம்தான் மாமா. நல்ல அமெரிக்கக் கம்பு ஒண்ணு மட்டுமே ஆயிரம் டாலர் வரும்" அப்படின்னான்.

விவசாயிக்கு எந்த விலையைச் சொன்னாலும் மனசு நெல்லுக்குத்தான் மாத்திப் பார்க்கும். 2025-26 பருவத்தில அரசு கொள்முதல் விலை சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாயா இருந்துச்சு. 42,500-ன்னா 17 குவிண்டால். நான் ஏக்கருக்கு 25 குவிண்டால் எடுத்தா நல்ல வெள்ளாமைன்னு சொல்லுவேன். அப்போ ஒரு ஏக்கர் வெளச்சல்ல மூணுல ரெண்டு பங்கு என் மருமகன் தோளில தொங்குது. உழவு, நாத்து, நடவு, களை, உரம், அறுப்புக் கூலி எதையும் கழிக்காமச் சொல்றேன். கழிச்சா நான் ரெண்டு போகம் பாடுபட்டாலும் அந்தக் குழாயை வாங்க முடியாது.

என் தூண்டிலுக்குக் கணக்குச் சொல்லட்டுமா? தோட்டத்து வேலியோரம் மூங்கில், காசில்ல. தங்கூஸ் நரம்பு, முள், ஈயக்குண்டு எல்லாம் சேர்த்து நாப்பது ரூபாய்க்குள்ள. தக்கைக்கு மயிலிறகுத் தண்டு, அது வரப்பில கிடக்கும். இரை மண்புழு, அது வாய்க்கால் ஈரத்தில இருக்கு. நாப்பது வருசமா இதுதான்.

இதை வச்சு "பட்டணத்துக்காரனுக்குப் பணத்திமிரு"ன்னு நாலு வரி எழுதிட்டுப் போயிடலாம். எங்க ஊர்ல டீக்கடையில அப்படித்தான் பேசினாங்க. ஆனா அது சரியில்ல. ஏன்னு சொல்றேன்.

மறுநாள் காலையில வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போனேன். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில எங்க வயல். ரெண்டாம் போகம் நடவு முடிஞ்ச நேரம், வாய்க்கால்ல தண்ணி நல்லா ஓடுது. தேக்கடியில இருந்து மலையைக் குடைஞ்ச சுரங்க வழியா வந்து, லோயர் கேம்ப்ல இறங்கி, முல்லையாறா எங்க பள்ளத்தாக்கில ஓடுற தண்ணி. 1895-ல பென்னிகுவிக் கட்டி முடிச்ச அணையோட தண்ணி. 14,707 ஏக்கர் இருபோக நெல்லு இதை நம்பித்தான் இருக்கு.

அவன் கம்பைத் தூக்கி நூலைப் பின்னால வீசுறான், முன்னால வீசுறான், மறுபடி பின்னால. சாட்டை மாதிரி, ஆனா சத்தமே இல்ல. கடைசியில பூச்சி தண்ணி மேல பஞ்சு விழுற மாதிரி விழுது. நான் வாயைத் திறந்து பார்த்துட்டு நின்னேன். நம்ம தூண்டில்ல ஈயக்குண்டோட கனம் நூலை இழுத்துட்டுப் போகும். இதுல பூச்சிக்குக் கனமே கிடையாது. கனம் பூராவும் நூல்லதான் இருக்கு. கம்பு வளைஞ்சு நிமிர்ற வேகத்தில நூல் பறக்குது, நூல் பின்னால பூச்சி போகுது. அதனாலதான் அந்த நூலுக்கு 6,000. உள்ளே பின்னல், மேல பிளாஸ்டிக் பூச்சு, ஒரு பக்கம் தடிமன், நுனிக்குப் போகப் போக மெலிசு, தொண்ணூறு அடி நீளம். கம்புக்கு எந்தக் கன நூல் பொருந்தும்னு நம்பர் போட்டிருக்கான். மாத்திப் போட்டா வீச வராது.

ஒரு மணி நேரத்தில ரெண்டு சின்னக் கெண்டை, ஒரு ஜிலேபி. மூணையும் ஈரக் கையால பிடிச்சு, முள்ளைக் கழட்டி, தண்ணிக்குள்ளேயே விட்டுட்டான். முள்ளுல இருக்கிற எதிர்முள்ளை முன்னாடியே இடுக்கியால நசுக்கி வச்சிருக்கான், மீனோட வாய் கிழியக் கூடாதுன்னு. பக்கத்து வயல் சித்தப்பா வரப்பில உக்காந்து பார்த்துட்டு, "ஏப்பா, பிடிக்கிறதும் விடுறதும்னா மீனுக்கும் வேலை இல்ல, உனக்கும் வேலை இல்லையா?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சோம். அவனும்தான்.

ஆனா நான் ஒண்ணு கவனிச்சேன். அந்த ரெண்டு மணி நேரம் அவன் போனை எடுக்கல. தண்ணியில எந்த இடத்தில சுழி, எந்தக் கல்லுக்குப் பின்னால மீன் நிக்கும், என்ன பூச்சி பறக்குது, இதையேதான் பார்த்துட்டு நின்னான். வாய்க்காலை இவ்வளவு நேரம் உத்துப் பார்த்த படிச்ச பையனை நான் பார்த்ததில்ல. தண்ணி முறைக்கு வர்ற நாங்களே மடை திறந்துச்சா அடைச்சுச்சான்னுதான் பார்ப்போம். அதனால அவன் செலவை நான் கேலி பண்ணல.

எனக்கு இருக்கிற கேள்வி வேற. ஏன் இவ்வளவு விலை, அந்தக் காசு எங்கே போகுது?

அன்னிக்கு ராத்திரி அவனை உக்கார வச்சு விலாவாரியாக் கேட்டேன். அவன் சொன்னதையும் பின்னால நான் தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

இந்த விளையாட்டு நம்ம பக்கம் வந்ததே வெள்ளைக்காரனோட. மலைத் தோட்டத்துத் துரைமாருக்கு ஊர் ஞாபகம் வந்துருச்சு, ட்ரௌட் மீன் வேணும்னு ஆசை. நீலகிரியில 1860-கள்லயே முயற்சி பண்ணித் தோத்தாங்க. 1900-களோட தொடக்கத்திலதான் ஜெயிச்சாங்க, அவலாஞ்சியில குஞ்சு பொரிக்கிற பண்ணை வந்துச்சு. எங்களுக்கு மேற்கே, போடிமெட்டு ஏறினா வர்ற மூணாறு மலையிலயும் தேயிலைத் துரைமாரு ஓடைகள்ல ட்ரௌட் விட்டாங்க. ஆக ஆரம்பத்தில இருந்தே இது துரை வீட்டு விளையாட்டு. இன்னிக்கும் நல்ல சாமான் பெரும்பாலும் இறக்குமதி. டாலர் விலை, கப்பல் கூலி, வரி, கடைக்காரன் லாபம்னு ஏறிட்டே வரும். வாங்குறவன் கொஞ்சம் பேரு, அதனால கடைக்காரனும் குறைக்க மாட்டான்.

கம்பு கார்பன் இழையில செய்யுறது. 1970-கள்ல வந்த சரக்கு. அதுக்கு முன்னாடி என்னன்னு கேட்டா எனக்கே ஆச்சரியமாப் போச்சு. மூங்கில்! மூங்கிலை நீளவாக்கில பட்டை பட்டையாக் கிழிச்சு, இழைச்சு, ஆறு பட்டையை ஒட்டிச் செஞ்ச கம்பு. 19-ம் நூற்றாண்டுல அதுக்கு வெள்ளைக்காரன் வாங்கினது நம்ம நாட்டு மூங்கில், 'கல்கத்தா மூங்கில்'னே பேரு. அப்புறம்தான் தெற்குச் சீனாவில இருந்து வேற மூங்கில் கிடைச்சு அதுக்கு மாறினான்.

பொய்ப்பூச்சி இருக்கே, அது கோழி இறகு. சேவல் கழுத்து இறகை முள்ளுல சுத்தினா தண்ணியில மிதக்கும், பூச்சிக் கால் மாதிரி தெரியும். 'இந்தியச் சேவல் கழுத்து'ன்னு உலகம் பூரா விலைக்குப் போகுது, நம்ம சேவல்தான். அமெரிக்காவில இந்த இறகுக்காகவே சேவல் வளர்க்கிறான். 2011-ல அங்கே பொண்ணுங்க தலைமுடியில இறகு வச்சுக்கிற மோகம் வந்து, இறகு கிடைக்காமத் தூண்டில்காரங்க தவிச்சுப் போனாங்களாம்.

இன்னும் கேளுங்க. சால்மன் மீனுக்குக் கட்டுற பழைய மாதிரிப் பூச்சிகள்ல, கண்ணு மாதிரி மெழுகு மினுக்கத்தில ஒரு சின்ன இறகு வைப்பாங்க. அது எந்தப் பறவையோடது தெரியுமா? எங்க மேகமலை அடிவாரத்தில விடிகாலையில கூவுற சாம்பல் காட்டுக்கோழியோட கழுத்து இறகு. தென்னிந்தியா பக்கம் மட்டும்தான் அதிகமா இருக்கிற பறவை. வெள்ளைக்காரன் காலத்தில கப்பல் கப்பலாப் போயிருக்கு. இப்ப 1972 வனவுயிர் சட்டம் இருக்கு, இங்கே அதை வேட்டையாடினா ஜெயிலு. வெளிநாட்டில பண்ணையில வளர்த்து விக்கிறான், ஒரு கழுத்துத் தோலு ஆயிரக்கணக்கான ரூபாய். அந்த இறகுப் பைத்தியம் எவ்வளவு தூரம் போகும்னா, 2009-ல இங்கிலாந்தில ட்ரிங் அருங்காட்சியகத்தில ஒருத்தன் புகுந்து 299 பழைய பறவைத் தோலைத் திருடிட்டான், பூச்சி கட்டுறவங்களுக்கு விக்க.

அந்தப் பூச்சியை யாரு கட்டுறாங்க? கென்யாவில, தாய்லாந்தில, நம்ம பக்கத்து இலங்கையில பொம்பளைங்க உக்காந்து கையால கட்டுறாங்க. மல்லிகைப்பூ கட்டுற மாதிரிதான். எங்க ஊர்ல முழத்துக்கு இவ்வளவுன்னு பூக் கட்டுறவங்களைப் பார்த்தவனுக்குத் தெரியும், கட்டுற விரலுக்கு எவ்வளவு வரும், கடையில விக்கிறவனுக்கு எவ்வளவு வரும்னு. திராட்சையிலயும் இதே கதைதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, சந்தோசம். ஆனா தோட்டத்து விலைக்கும் சென்னைக் கடை விலைக்கும் நடுவில இருக்கிற காசு எங்கே போகுதுன்னு எங்களுக்கு இன்னும் குறியீடு கிடைக்கல.

சரி, விலை இருந்துட்டுப் போகட்டும். வசதி இருக்கிறவன் வாங்குறான். என் ஆதங்கம் இதுதான்: 42,500 ரூபாய்ல கம்பெனிக்குப் போச்சு, கப்பலுக்குப் போச்சு, கடைக்குப் போச்சு, வரியாப் பொதுக் கஜானாவுக்குப் போச்சு. ஆத்துக்கு என்ன போச்சு? மீன் இருக்கிற இடம் ஆறு. ஆறு இல்லாம அந்தக் கம்பு வெறும் குச்சி. அந்த ஆத்துக்கு ஒரு ரூபாய்கூட இல்ல.

அமெரிக்காவில 1950-ல ஒரு சட்டம் போட்டான். தூண்டில் சாமான் செய்யுற கம்பெனிகிட்ட விலையில நூத்துக்குப் பத்து வரி. இப்போ கம்புக்கு மட்டும் உச்ச வரம்பு 10 டாலர். அந்தக் காசு வேற எதுக்கும் போகாது. மாநிலங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்து மீன் வளம், நீர்நிலை, மீன் பிடிக்கிறவங்க வந்து போற வசதி, இதுக்குத்தான் செலவு பண்ணணும். மீன் பிடிக்கிறவன் காசு மீனுக்கே திரும்புது. கம்பு விலை ஏறினாலும் வாங்குறவனுக்கு ஒரு ஆறுதல் இருக்கு.

இங்கே என்ன ஆச்சு பாருங்க. 1946-ல கபினி ஆத்துல மைசூர் வான் இங்கன் குடும்பத்துக்காரர் ஒருத்தர் தூண்டில்ல 120 பவுண்டு மகசீர் மீன் பிடிச்சார். ஐம்பத்திநாலு கிலோ, ஒரு நெல் மூட்டைக் கனம். அந்தக் காலத்துக் கம்பு இன்னிக்கு இருக்கிறதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. ஆனா ஆத்துல மீன் இருந்துச்சு. காவேரி ஆத்து வழியில மட்டும் இருக்கிற அந்தத் திமில் மகசீரை 2018-ல மிக அருகி அழியும் நிலைன்னு உலகப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. கம்பு ஒசந்துக்கிட்டே போச்சு, மீன் குறைஞ்சுக்கிட்டே போச்சு.

பெரிய மீனை விடுங்க. எங்க முல்லையாத்து அயிரை போதும். நான் சின்னப் பையனா இருக்கையில, வாய்க்கால்ல தண்ணி அடைச்ச மறுநாள் துண்டை விரிச்சு அரிச்சா ஒரு சட்டி அயிரை. அம்மா உப்புப் போட்டு உரசிக் கழுவி, புளியும் தேங்காயும் அரைச்சு வச்ச குழம்பு தெரு முனை வரைக்கும் மணக்கும். கண்மாய் வத்துற சமயம் ஊரே ஊத்தா, கச்சா, வலையோட இறங்கும். விரால், கெளுத்தி, ஆரால், உளுவைன்னு வீட்டுக்கு வீடு மீன் குழம்பு. இன்னிக்கு வாய்க்கால்ல அரிச்சா ஜிலேபிக் குஞ்சும் பிளாஸ்டிக் பையும்தான். அயிரை வாங்கணும்னா சந்தையில கிலோ விலையைக் கேட்டுட்டுத் திரும்பி வர வேண்டியதுதான்.

யாரு காரணம்? ஆத்துல மணல் அள்ளினாங்க, அயிரை மணல்ல வாழுற மீன். ஊர் ஊராச் சாக்கடையைத் திருப்பி விட்டாங்க. வயல்ல அடிச்ச மருந்து வடிகால் வழியா இறங்குச்சு. அந்த மருந்தை அடிச்சதுல நானும் ஒருத்தன். மறைக்க ஒண்ணுமில்ல. குருத்துப்பூச்சி வந்தா கடைக்காரர் கொடுத்ததை அடிச்சேன், வடிகால்ல மீன் மிதந்ததையும் பார்த்தேன். இப்ப குறைச்சிருக்கேன், முழுசா விட்டுட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்.

அதனால நான் சொல்றது என்னன்னா, தூண்டில் சாமான் விலையைப் பத்திப் பேசும்போது 'இவ்வளவா'ன்னு மட்டும் கேக்காதீங்க. 'இதுல ஆத்துக்கு எவ்வளவு'ன்னும் கேளுங்க. தூண்டில் சாமான் வரியில ஒரு பங்கை நீர்நிலைக்குன்னு தனியா ஒதுக்கினா என்ன? எங்க பக்கம் மாதிரி இடத்தில, கண்மாயில தூண்டில் போட வர்றவங்ககிட்ட ஒரு நாள் கட்டணம் வாங்கி, உள்ளூர் மீனவர் சங்கத்துக்கும் கண்மாய்க் கரைக்கும் கொடுத்தா என்ன? ஆயிரம் ரூபாய்னு வச்சாலும், நாப்பதாயிரத்துக்குச் சாமான் வாங்கினவனுக்கு அது பாரமா? அந்த ஆயிரத்தில மீனுக்குக் காவல் இருக்கிற ஒருத்தனுக்கு ரெண்டு நாள் கூலி இருக்கு. மீன் உயிரோட இருந்தாத்தான் வருமானம்னு ஊர்க்காரனுக்குத் தெரிஞ்சா, சாக்கடை விடுறவனை ஊரே தட்டிக் கேக்கும்.

அப்புறம் புதுசா ஆரம்பிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. முதல்லயே பெருசா வாங்காதீங்க. ஜப்பான் மலைக்காரங்க 'தென்காரா'ன்னு ஒரு முறை வச்சிருக்காங்க. நீளக் கம்பு, நுனியில கட்டின நூல், ஒரு பூச்சி. சக்கரமே கிடையாது. மீன் பிடிச்சு வித்துப் பொழைச்சவங்க கண்டுபிடிச்சது. சக்கரத்தைத் தள்ளிட்டுப் பார்த்தா நம்ம மூங்கில் தூண்டிலுக்கு அக்கா தங்கச்சி. சின்ன மீனுக்குச் சக்கரம் நூல் சுத்தி வைக்கிற ராட்டினம்தான்னு என் மருமகனே ஒத்துக்கிட்டான். காசு போடணும்னா நூல்ல போடு, சக்கரத்தில மிச்சம் பிடின்னு அவன் சொன்னான். அனுபவிச்சவன் சொல்றது.

எங்க பக்கம் வர்றதா இருந்தா இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்கோங்க. மேகமலைப் பக்கம் 2021-ல இருந்து புலிகள் காப்பகம், ஓடையில தூண்டில் போடுறேன்னு காட்டுக்குள்ள போயிடாதீங்க. கண்மாய், அணையில மீன் குத்தகை இருக்கும். குத்தகைக்காரரைக் கேட்டுட்டு இறங்குங்க. கேட்டா யாரும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்க, டீயும் வாங்கித் தருவாங்க.

ஊருக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையில மருமகன், "மாமா, உங்க தூண்டிலைக் கொடுங்க"ன்னான். என் மூங்கில் கம்புல தக்கையையும் ஈயக்குண்டையும் கழட்டிட்டு, அவனோட பூச்சி ஒண்ணைக் கட்டினான். மதகு ஓரத்தில ஒரு வீச்சு. வீச்சா அது, சும்மா தொங்க விட்டதுதான். ரெண்டு நிமிசத்தில ஒரு கெண்டை. அவன் முகத்தைப் பார்க்கணுமே. கழட்டி விட்டுட்டு, "42,000 ரூபாய் வீணாப் போச்சா மாமா?"ன்னு கேட்டான்.

"வீண் இல்ல மாப்ள. நீ வாங்கினதாலதான் இந்த வாய்க்காலை ரெண்டு மணி நேரம் பார்த்த. இனிமே இதுக்கும் ஏதாவது செய்"னு சொன்னேன்.

சித்திரையில தண்ணி அடைச்சதும் எங்க கண்மாயில கருவேல முள்ளு வெட்டுற வேலை இருக்கு. நாலு நாள் ஜேசிபி வாடகைக்கு ஊர்ல தலைக்கட்டு வரி போட்டிருக்கோம். ஒரு நாள் வாடகை அவன் கணக்குன்னு சொல்லியிருக்கான். பார்ப்போம். கொடுத்துட்டான்னா, அடுத்த பொங்கலுக்கு அவன் கம்பைத் தோளில நானே தூக்கிட்டு வர்றேன்.